அடைக்கலமாய் வந்த மடல்கள்

ஓவியர் ஜார்ஜ் பிரெடரிக் வாட்ஸ், இளமையிலேயே தம் இல்லத்தை விட்டு நீங்கிய முதல் மனைவிக்கு, ஆண்டுகள் பல சென்றபின் மடல் ஒன்று எழுதினார். மனத்தளவிலேனும் தம்மோடு கைகுலுக்க இயலுமா என்பதே அம்மடல் கேட்ட கேள்வி. இயலாதென்றால் மறுமொழி எழுத வேண்டா, வாளா இருந்தாலே போதும். இயலுமென்றால் 'ஆம்' என்னும் ஒற்றைச் சொல் போதும் என்று அதில் குறித்திருந்தார். மடலைப் பெற்றவர் எல்லன் டெரி அம்மையார், இங்கிலாந்து நாடக மேடையில் தமக்கு நிகரில்லாத நடிகை. அவர் அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதி அனுப்பினார்.

1864 பிப்ரவரியில் அவ்விருவருக்கும் மணம் நடந்தபோது, மணமகளுக்குப் பதினேழாம் வயது நிறைய இன்னும் ஒரு வாரம் இருந்தது. மணமகனுக்கு வயது 46. ஓராண்டு நிறையுமுன்னே பிரிவு வந்தது. ஆண்டுக்கு 300 பவுன் தருவதாகவும், ஒழுக்கம் வழுவாதிருக்கும் வரையே அது தொடரும் என்றும் பிரிவுப் பத்திரம் எழுதப்பட்டது. சட்டத்தின் மொழியில் எழுதப்பட்ட அந்தப் பத்திரத்தையும், நெஞ்சின் மொழியில் எழுதப்பட்ட பிற்கால மடலையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, ஒரு மனிதர் தம் வாழ்நாளில் எவ்வளவு தொலைவு நடக்க இயலும் என்பது தெரிகிறது. மன்னிப்பை நாடி எழுதுவோர் பலர், எதிரில் இருப்பவர் மன்னித்தே தீர வேண்டும் என்னும் நெருக்கடியை எழுத்திலேயே வைத்து அனுப்புகின்றனர். வாட்ஸ் அவ்வாறு செய்யவில்லை. மறுப்பதற்கு எளிய வழியையும் அவரே திறந்து வைத்தார். மறுப்பவர் மறுப்பை எழுதும் துன்பத்தைக்கூட அடையக் கூடாதென்று கருதினார். கேட்டவரின் அடக்கத்திற்கு ஈடாகவே விடை தந்தவரின் அடக்கமும் அமைந்தது. பழைய புண்களை எண்ணிக்காட்டவும், தாம் பட்ட இழிவை நினைவூட்டவும், புகழின் உச்சியில் நின்றுகொண்டு பெருந்தன்மை காட்டவும் அம்மையாருக்கு அன்று வாய்ப்பிருந்தது. அவற்றுள் ஒன்றையும் அவர் கைக்கொள்ளவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றை 1908இல் வெளியிட்டபோது, அதாவது வாட்ஸ் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆனபின், இந்நிகழ்ச்சியை அவரே சில வரிகளில் சொல்லி அப்பால் சென்றுவிட்டார்.

மடல் என்பது அடைக்கலப் பொருள். வெளியூர் செல்பவர் தம் நகையை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்வதைப் போல, எழுதுபவர் தம் மனத்தின் ஒரு பகுதியை இன்னொருவர் கையில் ஒப்படைக்கிறார். ஒப்படைத்தவருக்கு அதன்மீது கண்காணிப்பு இல்லை. பெற்றவரின் பண்பு ஒன்றே அதற்குப் பூட்டு. பலர் அறியச் செய்யும் செயலில் ஒழுக்கம் காப்பது எளிது; ஊரார் கண்ணே அங்கே காவலாக நிற்கும். தனித்திருந்து எழுதும்போதும், பிறர் எழுதியதைத் தனித்திருந்து படிக்கும்போதும், படித்ததை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழும்போதும் ஒழுக்கத்தைக் காப்பதற்கு உள்ளிருந்து எழும் வலிமை வேண்டும். எல்லன் டெரி அம்மையாரின் மடல்களை நான் இந்த நோக்கிலேயே படித்து வருகிறேன். அவர் வாழ்வில் வழுவே இல்லை என்று சொல்ல வரவில்லை. வழுவும் வருத்தமும் கலந்த வாழ்விலிருந்து கற்றுக்கொள்ளத் தக்கவை மிகுதி.

அவரது வாழ்வில் பெருந்துன்பம் விளைத்தது எழுதாமல் விட்ட ஒரு மடல்தான். வாட்ஸைப் பிரிந்து பெற்றோர் இல்லத்திலும் மேடையிலுமாக இருந்த அவர், 1868இல் கட்டடக் கலைஞர் எட்வர்டு வில்லியம் காட்வினோடு வாழ்வதற்காக ஒருவரிடமும் சொல்லாமல் சென்றுவிட்டார். ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. சில நாட்களில் தேம்ஸ் ஆற்றில் ஓர் இளம்பெண்ணின் உடல் கிடைத்தது. உயரமும் மெலிவும் வெண்ணிறமும் அவரைப் போலவே இருந்தன. தந்தை பெஞ்சமின் டெரி சென்று பார்த்து, தம் மகளே என்று சொல்லிவிட்டார். பள்ளி விடுதியில் தங்கிப் படித்த தங்கையர் ஃபுளோரன்சுக்கும் மரியனுக்கும் துக்கத்திற்குரிய கறுப்பாடை உடுத்தினார்கள். பிறகு தாய் சென்றார். உருவ ஒற்றுமை அவரையும் நடுக்கியது. எனினும் அறிவை இழவாமல், மகள் உடலில் பிறவியிலேயே இருந்த மறுவைத் தேடிப் பார்த்தார். அது அங்கே இல்லை. செய்தி அறிந்த மகள் லண்டனுக்கு விரைந்து வந்து, தாம் உயிரோடிருப்பதைப் பெற்றோர் கண்ணாரக் காணும்படி அவர்கள் முன் நின்றார்.

தாய் ஒருத்தி அயலாள் ஒருத்தியின் உயிரற்ற உடலருகே குனிந்து, தன் மகளின் மறு அங்கே இருந்துவிடக் கூடாதே என்று தேடிய அந்தச் சிறு பொழுதை நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்ததுண்டு. மகள் செய்த செயல் சரியா தவறா என்னும் வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். தாம் தேர்ந்த வழியைப் பெற்றோர் ஏற்க மாட்டார்கள் என்று அறிந்த ஒருவர்க்கும், 'நலமாக இருக்கிறேன்' என்று தெரிவிக்கும் கடமை நீங்குவதில்லை. ஒருவருடைய சினத்துக்கு அஞ்சி நாம் மறைக்கும் செய்தி, அவருடைய அன்பைத்தான் முதலில் சென்று தாக்குகிறது. வாளா இருத்தல் சில வேளை அறமாகும். வாட்ஸ் அதற்கு இடம் தந்திருந்தார். நமக்காக விழித்திருப்போர் முன் வாளா இருத்தல் கொடுமையாகும். இவ்விரண்டையும் பிரித்தறிய அம்மையாருக்கு அந்த ஆற்றங்கரை நிகழ்ச்சி கற்பித்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் ஓயாது மடல் எழுதுபவராக விளங்கினார். கோடுகளும் அடிக்கோடுகளும் நிறைந்த விரைவு எழுத்தில், நாடகம் முடிந்த நள்ளிரவிலும் எழுதினார்.

காட்வினோடு வாழ்ந்த ஆறாண்டுகளை அவர் நாட்டுப்புறத்தில் கழித்தார். மகள் எடித் 1869இலும், மகன் எட்வர்டு கோர்டன் கிரெய்க் 1872இலும் பிறந்தனர். கடன் பெருகி வீட்டுப் பொருள்களைப் பறிக்க ஆட்கள் வந்த நாளும் உண்டு. ஒரு நாள் சந்து வழியில் அவருடைய சிறுவண்டியின் சக்கரம் கழன்றபோது, வேட்டையாடி வந்தவர்களுள் ஒருவர் வேலியைத் தாண்டி வந்து உதவினார். அவர் நாடகாசிரியர் சார்லஸ் ரீட். அவர் அழைப்பால் 1874இல் மேடைக்கு மீண்டார் அம்மையார். வாரத்திற்கு 40 பவுன் ஊதியம் பேசப்பட்டது. மறு ஆண்டே காட்வின் பிரிந்து போனார். தம் வரலாற்று நூலில் இக்காலத்தைப் பற்றி அம்மையார் மிகச் சுருக்கமாகவே பேசுகிறார். பிரிந்தவர்மீது பழி சுமத்தும் ஒரு சொல்லும் அங்கே இல்லை. குழந்தைகளின் தந்தையைத் தூற்றுவது குழந்தைகளையே தூற்றுவதாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே கொள்கிறேன்.

1878 டிசம்பர் 30ஆம் நாள் லண்டன் லைசியம் அரங்கில், அதன் தலைவரும் நடிகருமான ஹென்றி இர்விங்கின் ஆம்லெட்டுக்கு எதிரே ஒஃபீலியாவாக அவர் தோன்றினார். அன்று தொடங்கிய கூட்டு 1902 வரை நீடித்தது. இர்விங் தனிமையில் இறுகியவர். 1871 நவம்பரில் 'தி பெல்ஸ்' நாடகம் பெருவெற்றி கண்ட இரவில், வீடு திரும்பும் வண்டியிலேயே மனைவி அவர் தொழிலை இகழ்ந்து பேச, அவர் வண்டியை நிறுத்தி இறங்கி நடந்தார். அந்த இல்லத்திற்குப் பிறகு திரும்பவே இல்லை என்று அவருடைய பேரன் லாரன்ஸ் இர்விங் எழுதியிருக்கிறார். அரங்கின் மேலாளர் பிராம் ஸ்டோக்கரே தலைவர் சார்பில் நாள்தோறும் மடல்களை எழுதிக் குவித்தார். இர்விங்குக்கும் அம்மையாருக்கும் இடையே இருந்த உறவின் ஆழத்தை அளக்கப் பலர் முயன்றிருக்கின்றனர். அந்த அளவைக் கோலை நான் கையில் எடுக்க விரும்பவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் ஒருவர் அருகில் நின்று, அவர் ஓங்கும்போது உடன் ஓங்கி, அவர் தளரும்போதும் விலகாமல் நின்றார் என்னும் செய்தியே எனக்குப் போதுமானது.

இந்தக் கடமைக்கு நடுவில்தான் 1892இல் வேறொரு மடல் வழி திறந்தது. இளம் பாடகி ஒருவரின் திறமையைப் பற்றி உண்மையான கருத்தை அறிய விரும்பி, 'தி வேர்ல்டு' இதழின் ஆசிரியருக்கு அம்மையார் எழுதினார். அம்மடல் அவ்விதழின் இசைத் திறனாய்வாளரிடம் சென்றது. அவர் பெர்னார்டு ஷா. அயர்லாந்திலிருந்து வந்தவர், முப்பத்தைந்து வயதினர், நாடகாசிரியராக உலகம் இன்னும் அறியாதவர். புகழ்பெற்ற நடிகையின் பரிந்துரைக்கு இன்சொல் தந்து அனுப்புவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவரோ பாடகியின் குறையையும் நிறையையும் ஒளிக்காமல், நீண்ட விளக்கத்தோடு எழுதினார். அம்மையாருக்கு அது முதலில் கடுமையாகவும் விறைப்பாகவும் பட்டது. தம் மனக்குறையை உள்ளே வைத்துக்கொண்டார். சிந்தித்தபின், தாம் அவரைத் தவறாக எண்ணியதை வெளிப்படையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டு எழுதினார். கருத்துக் கேட்பவர்கள் பெரும்பாலும் இசைவைத்தான் கேட்கின்றனர். கருத்தையே கேட்டுப் பெற்று, அது கசந்தபோதும் தந்தவருக்கு நன்றி சொல்லும் மனம் பெறுவது ஒரு பயிற்சி. அந்தப் பயிற்சி அம்மையாருக்கு இருந்தமையால்தான், நாற்பத்தைந்து வயதில் அவருக்கு ஒரு புதிய தோழமை கிட்டியது.

1895இலிருந்து ஐந்தாறு ஆண்டுகள் மடல்கள் பெருகின. இருவரும் ஒரே நகரில் வாழ்ந்தனர். ஷா 'சாட்டர்டே ரிவ்யூ' இதழின் நாடகத் திறனாய்வாளராகி, முதல் நாள் காட்சிகளில் முன்வரிசையில் அமர்ந்திருப்பார். அம்மையார் திரையிலிருந்த சிறு துளை வழியே அவரைப் பார்த்துக்கொள்வார். ஆயினும் நேரில் சந்தித்துப் பேசுவதை இருவரும் தள்ளியே வைத்தனர். மடல்களில் அன்பு வழிந்தது; விளையாட்டும் கொஞ்சலும் இருந்தன; அறிவுரையும் கண்டிப்பும் இருந்தன. எட்ட இருத்தலால் அன்பு பொய்யாகிவிடும் என்று கருதுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. இருவரும் தத்தம் தொழிலின் உச்ச உழைப்பில் இருந்தவர்கள். அவருக்கு லைசியம், இவருக்கு இதழ்ப் பணியும் ஃபேபியன் சங்கமும் நாடகங்களும். தாம் ஏற்ற கடமையைக் குலைக்காத அளவுக்கு அன்புக்கு ஒரு கரை அமைத்து, அந்தக் கரைக்குள் அதை நிறைய விட்டார்கள்.

இனி நான் சொல்லப்போவது அவ்வளவு எளிதாகத் தீர்ப்பளிக்கக் கூடியதன்று. 1896 செப்டம்பரில் ஷேக்ஸ்பியரின் 'சிம்பலின்' லைசியத்தில் மேடையேற இருந்தது. அம்மையாருக்கு இமொஜென் பாத்திரம். மயக்கத்திலிருந்து விழிக்கும் இமொஜென், தன் அருகில் மலர்கள் தூவிய ஓர் உடல் கிடப்பதைக் காண்கிறாள். அது தலையற்ற உடல். உடுத்தியிருப்பதோ அவள் கணவனின் ஆடை. கனவின் எச்சமா நனவா என்று தடுமாறும் அந்த மனம் எந்தச் சொல்லில் அச்சம் கொள்ள வேண்டும், மலரிலிருந்து குருதிக்கு அவள் கண் எப்படி நகர வேண்டும், வெட்டப்பட்ட வரிகளுள் எவற்றை இழக்கக் கூடாது என்று ஷா வரிவரியாக எழுதி அனுப்பினார். அம்மையார் அவற்றை ஆய்ந்து, ஐயங்களைத் திருப்பிக் கேட்டு, ஏற்றதை ஏற்று நடித்தார். நடிப்புக் கலை பற்றி ஆங்கிலத்தில் உள்ள மிக நுட்பமான பக்கங்களுள் அவை அடங்கும்.

ஆனால் அறிவுரை தந்தவர் யார் என்பதை மறந்துவிடலாகாது. இர்விங்கின் அரங்க முறையை வாரந்தோறும் இடித்துரைத்த திறனாய்வாளர் அவர். நாடகம் அரங்கேறிய சில நாட்களில், அந்நாடகத்தையும் அதை இர்விங் வெட்டித் திருத்திய முறையையும் சாடி அவரே இதழில் எழுதினார். மேடைக்குப் பின்னால் துணை நின்று, மேடைக்கு முன்னால் நடுவராக அமர்வது முறையா? ஒருவர் நடத்தும் அரங்கில் ஊதியம் பெறும் ஒருவர், அவரைத் தாக்குபவரிடம் கலைக் கருத்தைக் கேட்டுப் பெறுவது தகுமா? இந்த இரு கேள்விகளும் என்னை உறுத்துகின்றன. ஷாவின் செயலை நான் முழுதும் ஏற்க இயலவில்லை. நடுவுநிலை என்பது நடுவரின் மனத்தில் இருந்தால் மட்டும் போதாது, அவர் இருக்கும் இடத்திலும் இருக்க வேண்டும். அம்மையாரைப் பொறுத்தவரை என் மனம் வேறு வகையில் சாய்கிறது. அவர் பெற்றது தம் பாத்திரத்துக்கான ஒளி. அதனால் ஓங்கியது இர்விங்கின் அரங்கே. லைசியத்தில் அவர் ஆற்றல் வீணாகிறதென்றும், புதிய நாடகங்களுக்கு அவர் வந்துவிட வேண்டுமென்றும் ஷா திரும்பத் திரும்பத் தூண்டியபோதும் அவர் நகரவில்லை. ஒருவரிடம் அறிவைக் கேட்பதும், அவர் காட்டும் பக்கம் சென்றுவிடுவதும் வேறு வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்த உறுதிக்கு மூன்றே மாதங்களில் கடுஞ்சோதனை வந்தது. 1896 டிசம்பரில் இர்விங் 'மூன்றாம் ரிச்சர்டு' நாடகத்தை நடத்தினார். முதல் நாள் இரவில் அவர் தம் இயல்பான நிலையில் இல்லை என்னும் பொருள்பட ஷா எழுதிய திறனாய்வு வெளிவந்தது. குடித்துவிட்டு மேடையேறினார் என்ற மறைமொழியாகவே இர்விங்கைச் சூழ்ந்தோர் அதைப் படித்தனர். தாம் அவ்வாறு கருதவில்லை என்று ஷா மறுத்தார். மறுப்பு புண்ணை ஆற்றவில்லை. அம்மையாரை எண்ணி ஷா எழுதி, அம்மையார் முயன்று இர்விங்கை ஏற்கச் செய்திருந்த 'தி மேன் ஆஃப் டெஸ்டினி' என்னும் குறுநாடகம் 1897இல் திருப்பி அனுப்பப்பட்டது. இரு கரைகளையும் இணைக்க ஒருவர் அரிதின் இட்ட சிறு பாலம், கரைகளில் நின்றவர்களின் பிடிவாதத்தால் விழுந்தது. இருவருக்கும் வேண்டியவராக நிற்கும் நிலை வாழ்வில் எல்லார்க்கும் ஒரு காலத்தில் வருகிறது. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோய்க் கூட்டிச் சொன்னால் இரு பக்கமும் நெருக்கம் பெருகும். அந்த நெருக்கத்தின் சுவைக்கு மயங்காதவர் சிலரே. அம்மையார் இருவருக்காகவும் வருந்தினார். அந்த வருத்தத்தால் ஷாவுக்கு எழுதுவதை நிறுத்தவும் இல்லை, இர்விங்கின் அருகிலிருந்து விலகவும் இல்லை.

1898 ஜூனில் ஷா சார்லட் பேன் டவுன்ஷெண்டு அம்மையாரை மணந்தார். அதற்கு முன்பே அந்தப் பெண்ணைப் பற்றி ஷா எழுதியதுண்டு. எல்லன் டெரி அம்மையார் பொறாமையின் நிழல் இன்றி ஊக்கமே தந்தார். மறு ஆண்டு, அவரை மனத்திற் கொண்டே 'கேப்டன் பிராஸ்பவுண்ட்ஸ் கன்வெர்ஷன்' நாடகத்தை ஷா எழுதினார். படித்த அம்மையார், இது தமக்கு ஏற்ற பாத்திரமன்று என்று மனம் திறந்து எழுதிவிட்டார். தமக்காகவே ஒருவர் சமைத்துப் படைத்ததை, அன்புக்கு அஞ்சிப் புகழாமல், உள்ளதை உள்ளவாறு சொன்னார். 1892இல் அவர் பெற்ற உண்மையை ஏழாண்டுகள் கழித்துத் திருப்பித் தந்தார் எனலாம். 1900இல் அந்நாடகம் நடந்தபோதுதான் இருவரும் முதன்முதலாக நேரில் நின்று பேசினர். அதன்பின் மடல்கள் மெல்லக் குறைந்தன. 1906இல், மேடையேறி ஐம்பதாண்டு நிறைந்த அந்த ஆண்டில், லேடி சிசிலி என்னும் அதே பாத்திரத்தை அவர் ஏற்று நடித்தார். கண் மங்கியிருந்தது, நினைவில் சொற்கள் வழுக்கின. இர்விங் அதற்கு முந்திய ஆண்டு அக்டோபரில், பிராட்ஃபோர்டு நகரில் 'பெக்கெட்' நாடகத்தை நடித்து முடித்த இரவிலேயே மறைந்திருந்தார்.

இனி, அடைக்கலப் பொருள் அதை வைத்திருந்தவர்க்குப் பின் என்னவாகிறது என்பதைக் கருத வேண்டும்.

மடல்கள் பிறர் கையில் சிக்கிவிடும் என்னும் அச்சத்தை அக்காலத்தில் மிகவும் உணர்ந்தவர் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ். 1858இல் மனைவியைப் பிரிந்தபோது, தம் பக்கத்து நியாயத்தை ஒரு மடலாக எழுதி, தம் மேடை வாசிப்புகளை நடத்திய மேலாளரிடம் தந்து, தக்கவர்க்குக் காட்டலாம் என்றும் இசைவு தந்தார். அது அமெரிக்க நாளிதழ் ஒன்றில் அச்சேறிவிட்டது. தம் மடல் அத்துமீறி வெளியிடப்பட்டதாகப் புலம்பினாலும், கதவைத் திறந்து வைத்த கை தம்முடையது என்பதை அவர் ஒதுக்கிவிட முடியாது. 1860 செப்டம்பர் 3ஆம் நாள், காட்ஸ் ஹில் இல்லத்தின் பின்புறத்தில், இருபதாண்டுகளாகத் தமக்கு வந்த மடல்களைத் தீயிலிட்டார். பிள்ளைகள் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டினர். எரிந்து தணிந்த சாம்பலில் வெங்காயம் சுட்டுத் தின்றனர். பிறர் எழுதியவற்றை அவர் எரிக்க முடிந்தது. தாம் எழுதியவை பிறர் பெட்டிகளில் இருந்தன. இன்று அவை பன்னிரண்டு பெருந்தொகுதிகளாக நூலகங்களில் நிற்கின்றன.

இங்கிலாந்தின் சட்டம் இதில் ஒரு தெளிவை 1741இலேயே எட்டியிருந்தது. கவிஞர் அலெக்சாண்டர் போப், தம் மடல்களை அச்சிட்ட பதிப்பாளர் எட்மண்ட் கர்ல்மீது வழக்குத் தொடுத்தார். மடலைப் பெற்றவருக்குத் தாள் உரியது, அதிலுள்ள சொற்களை வெளியிடும் உரிமை எழுதியவரிடமே நிற்கிறது என்று ஹார்ட்விக் பிரபு தீர்ப்பளித்தார். தாள் ஒருவருக்கும் சொல் மற்றவருக்கும் உரியதாதலால், இருவரும் இசைந்தாலன்றி மடல் முழுமையாக எவர்க்கும் உரியதன்று. எல்லன் டெரி அம்மையார் 1928 ஜூலை 21ஆம் நாள், கென்ட் பகுதியில் ஸ்மால்ஹைத் என்னும் சிற்றூரில் இருந்த தம் பழமையான மரச்சட்ட வீட்டில் மறைந்தார். ஷாவின் மடல்களை அவர் காத்து வைத்திருந்தார். அவருடையவற்றை ஷா காத்து வைத்திருந்தார். மகள் எடித் இசைந்தார், ஷாவும் இசைந்தார், எடித்தின் தோழியும் எழுத்தாளருமான கிறிஸ்தோபர் செயின்ட் ஜான் அம்மையார் பதிப்பித்தார், ஷாவின் முன்னுரையோடு 1931இல் நூல் வெளிவந்தது.

மகன் கோர்டன் கிரெய்க் இசையவில்லை. அரங்கக் கலைக்குப் புதுநெறி காட்டியவராக ஐரோப்பா அறிந்த அவர், அதே ஆண்டில் தம் தாயைப் பற்றித் தாமே ஒரு நூல் எழுதினார். ஊரறிந்த எல்லன் டெரி ஒருவர், வீட்டில் தாம் அறிந்த நெல்லி என்னும் தாய் வேறொருவர்; மடல்களை விற்பனைக்கு வைத்தோர் அந்த இரண்டாமவரின் அமைதியைக் குலைத்தனர் என்பது அவர் வாதம். ஷாவைத் தாக்கும் சிறு வெளியீடு ஒன்றையும் அந்நூலின் அட்டைக்குள் செருகி வைத்தார். சினம் மிகுந்த எழுத்து அது. சினத்தைக் களைந்துவிட்டுப் பார்த்தால், உள்ளே இருப்பது தாயை இழந்த ஒரு பிள்ளையின் வலி.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அந்நூல் வெளிவந்திராவிடில், ஒரு பெண்ணின் நுண்ணறிவை உலகம் இழந்திருக்கும். அழகும் அருளும் மட்டும் வாய்ந்த நடிகையென்றே அவரை எண்ணியிருக்கும். அந்த நன்மை பெரிது. எனினும் மறைந்தவரைக் கேட்க வழியில்லாத நிலையில், உயிரோடிருந்த மகனின் நோவையும் ஒரு நிறையாகத் துலாத்தில் இட்டிருக்க வேண்டும். சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் எவர்க்கும் இழப்பில்லை. மூன்று ஆண்டுகள் என்பது துயரம் ஆறுவதற்குப் போதிய காலமன்று. கிரெய்க்கும் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. தாய் அந்த மடல்களை எரித்துவிடவில்லை. நாற்பதுக்கு மேற்பட்ட வயதில் தொடங்கி முதுமை வரை, வீடு மாறியபோதெல்லாம் உடன் கொண்டு சென்று வைத்திருந்தார். வைத்திருத்தலும் ஒரு வகைச் சொல்லே. எடித்தும் கிரெய்க்கும் அந்தச் சொல்லுக்கு வெவ்வேறு பொருள் கொண்டனர். ஒரு வரியில் தம் விருப்பத்தை அம்மையார் எழுதி வைத்திருந்தால் உடன்பிறந்தோர் இருவரும் ஊரறிய முரண்பட்டிருக்க மாட்டார்கள்.

வேறொன்றைப் பற்றி அவர் எழுதியே வைத்திருந்தார். தாம் இறந்தால் துக்கக்கோலம் வேண்டா என்று பிள்ளைகளுக்கும் நண்பர்களுக்கும் தம் கையாலேயே குறித்திருந்தார். 1928 ஜூலையில் ஸ்மால்ஹைத்தின் சிறு தேவாலயத்தில் கூடியவர்கள் கறுப்பைத் தவிர்த்து, கோடைக்கால வண்ண ஆடைகளில் வந்தனர். பேழையின்மேல் பொன்னிறத் துணி போர்த்தியிருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன், அவர் ஒரு வரியும் எழுதாமல் போனதால், பள்ளி விடுதியில் இரு சிறுமியர் உயிரோடிருந்த அக்காவுக்காகக் கறுப்பு உடுத்தி நின்றனர்.